ஒரு வெள்ளை ரோஜாச் செடி, 4,256 பந்துகள்: தப்பு செய்த நாயகனை எங்கே வைப்பது?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறது சின்சினாட்டி நகரம். அங்கே ஆற்றங்கரையில் ஒரு பேஸ்பால் விளையாட்டரங்கம். அதை ஒட்டிச் சின்னதாக ஒரு ரோஜாத் தோட்டம்.

அந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு செடி மட்டும் வெள்ளை ரோஜா. ஏன்?

1985 செப்டம்பர் 11ஆம் தேதி பீட் ரோஸ் என்ற ஆட்டக்காரர் அடித்த பந்து வந்து விழுந்த இடம் அது. அப்போது அங்கே இருந்த பழைய அரங்கத்தை 2002இல் இடித்துவிட்டார்கள். ஆனால் அந்த இடத்தை மட்டும் யாரும் மறக்கவில்லை.

தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டடம்தான் சின்சினாட்டி ரெட்ஸ் குழுவின் அரும்பொருளகமும் புகழ் மண்டபமும். உள்ளே போனால் மாடிகளைத் தாண்டி உயரும் ஒரு சுவர். அதில் 4,256 பேஸ்பால் பந்துகள். ரோஸ் எடுத்த ஒவ்வொரு 'ஹிட்'டுக்கும் ஒரு பந்து.

இவ்வளவு மரியாதை கிடைத்த ஆளுக்கு, அதே கட்டடத்தின் புகழ் மண்டபத்தில் பல ஆண்டுகளாக இடமில்லை. பந்துகள் சுவரில் இருந்தன. அவர் பெயர் பொறித்த தகடு மட்டும் இல்லை.

ஏன் அப்படி? பேஸ்பால் பார்க்காதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

முதல்ல, இது என்ன இடம்?

சின்சினாட்டி ரெட்ஸ், அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் போட்டிகளில் ஆடும் நிபுணத்துவக் குழு. அதன் புகழ் மண்டபம் 1958இல் தொடங்கியது. அந்த முதல் ஆண்டில் 5 பேர் சேர்க்கப்பட்டார்கள். அப்போது அது ஒரு பட்டியலாகத்தான் இருந்தது. தனிக் கட்டடம் கிடையாது.

2003இல் ரெட்ஸ் குழுவுக்குப் புதிய அரங்கம் வந்தது. அடுத்த ஆண்டே, 2004இல், அதன் பக்கத்தில் அரும்பொருளகம் திறக்கப்பட்டது.

இதே போன்ற இன்னோர் இடத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம்: நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் இருக்கும் தேசியப் பேஸ்பால் புகழ் மண்டபம். அது அமெரிக்கா முழுமைக்கும் உரியது. குறைந்தது 10 பருவங்கள் ஆடியிருக்க வேண்டும். ஓய்வுபெற்று 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். வாக்களிக்கும் பேஸ்பால் செய்தியாளர்களில் 75 விழுக்காட்டினரின் ஆதரவு வேண்டும். வழக்கமான வழி அதுதான்.

ஒரு குழுவின் சொந்த மண்டபம் வேறு மாதிரி. நாடே கொண்டாடிய ஆட்டக்காரராக இருக்கணும்னு அவசியமில்லை. அந்த ஊருக்கு அவர் யார் என்பதுதான் கேள்வி.

ஜோ நக்ஸ்ஹால் நல்ல உதாரணம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆட்டக்காரர்கள் பலர் ராணுவத்துக்குப் போய்விட, ரெட்ஸ் ஒரு பள்ளி மாணவரைக் களத்தில் இறக்கியது. 1944 ஜூன் 10ஆம் தேதி அவர் பந்து வீசியபோது அவருக்கு வயது 15. பாவம், ஓர் இன்னிங்ஸைக்கூட முடிக்க முடியவில்லை. 5 ஓட்டங்களை விட்டுக்கொடுத்தார். ரெட்ஸ் 18-0 எனத் தோற்றது.

பையன் ஓடிப்போகவில்லை. 1952இல் திரும்பி வந்தார். நல்ல பந்துவீச்சாளராகப் பெயரெடுத்தார். பிறகு பல்லாண்டுகள் வானொலியில் ரெட்ஸ் ஆட்டங்களை வருணித்தார். கூப்பர்ஸ்டவுனில் அவருக்குத் தகடு இல்லை. ஆனால் சின்சினாட்டியில் சிலை உண்டு. அரங்கம் இருக்கும் சாலைக்கே அவர் பெயர்தான்.

பெயரில் இரண்டு சொல் இருக்கு, கவனிச்சீங்களா?

அரும்பொருளகம், புகழ் மண்டபம். ஒரே கட்டடம்தான். ஆனால் இரண்டின் வேலையும் ஒன்றல்ல.

அரும்பொருளகம் 'இது நடந்தது' என்று சொல்கிறது. நல்லதும் நடந்திருக்கும், கெட்டதும் நடந்திருக்கும். இரண்டையும் காட்ட வேண்டும்.

புகழ் மண்டபம் 'இவரை நாங்கள் மதிக்கிறோம்' என்று சொல்கிறது. அங்கே யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்து, அந்தக் குழு எதை முக்கியமாக நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பெரும்பாலான ஆட்டக்காரர்கள் விஷயத்தில் இந்த வேறுபாடு தலைவலி தருவதில்லை. பீட் ரோஸ் விஷயத்தில் தந்தது.

ரெட்ஸுக்கு ஏன் இவ்வளவு பெருமை?

ஊரின் பேஸ்பால் பெருமை 1869இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு களமிறங்கிய சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ்தான், எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் பேஸ்பால் குழு. அதற்கு முன்பு பணம் கைமாறியதே இல்லை என்று அர்த்தமில்லை. ரகசியமாகக் கொடுத்தார்கள்.

குழுவை நடத்தியவர் ஹேரி ரைட். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். சின்சினாட்டிக்கு அவரை வரவழைத்ததே பேஸ்பாலுக்காக இல்லை, கிரிக்கெட்டுக்காக! ஊரின் கிரிக்கெட் மன்றத்துக்குச் சம்பள ஆட்டக்காரராக வந்தவர், பேஸ்பாலுக்கு மாறினார்.

அவருடைய தம்பி ஜார்ஜுக்கு ஒரு பருவத்துக்கு 1,400 டாலர் சம்பளம். அண்ணனுக்கு 1,200தான். அந்த ஆண்டு அவர்கள் 57 ஆட்டங்களில் வென்றதாகவும் ஒன்றில்கூடத் தோற்கவில்லை என்றும் பதிவு சொல்கிறது.

ஒரு சின்ன விளக்கம்: இப்போதைய ரெட்ஸ் அந்தக் குழுவின் நேரடித் தொடர்ச்சி இல்லை. அந்தக் குழு சீக்கிரமே கலைந்தது. இப்போதுள்ள குழு 1880களில் உருவானது. ஆனாலும் 1869ஐ ஊர் விட்டுக்கொடுப்பதில்லை.

அதற்குப் பிறகும் பெருமைகள் வந்தன:

- 1935 மே 24: மேஜர் லீக் வரலாற்றில் முதல் இரவு ஆட்டம் சின்சினாட்டியில் நடந்தது. அதிபர் ரூசவெல்ட் வெள்ளை மாளிகையில் இருந்தபடி பொத்தானை அழுத்த, விளக்குகள் எரிந்தன. ரெட்ஸ் 2-1 என வென்றது.

- 1938: ஜானி வாண்டர் மீர் எதிரணியை ஒரு ஹிட்கூட எடுக்க விடாமல் ஓர் ஆட்டத்தை முடித்தார். தமது அடுத்த ஆட்டத்திலும் அதையே செய்தார். தொடர்ந்து இரண்டு முறை அதைச் செய்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

- 1975, 1976: அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் உலகத் தொடர் வெற்றி. ஜானி பெஞ்ச், ஜோ மோர்கன், டோனி பெரேஸ், பீட் ரோஸ் ஆகியோர் இருந்த அந்தக் குழுவை 'பெரிய சிவப்பு இயந்திரம்' என்றே அழைத்தார்கள்.

முதல் வெற்றியிலேயே சூதாட்டத்தின் நிழல்

ரெட்ஸ் 5 முறை உலகத் தொடரை வென்றிருக்கிறது: 1919, 1940, 1975, 1976, 1990.

இந்தப் பட்டியலில் முதல் ஆண்டைப் பாருங்கள். 1919.

அந்த ஆண்டு ரெட்ஸ், சிகாகோ வொயிட் சாக்ஸ் குழுவை 5-3 என்ற ஆட்டக்கணக்கில் வென்றது. அடுத்த ஆண்டு குண்டு வெடித்தது: சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றே தோற்கச் சதி செய்ததாக சிகாகோ ஆட்டக்காரர்கள் 8 பேர் மீது குற்றச்சாட்டு.

1921இல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆனால் பேஸ்பால் விடவில்லை. லீக்கின் தலைமைப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருந்த நீதிபதி கென்னசா மவுண்டன் லாண்டிஸ், 8 பேரையும் நிரந்தரமாக விலக்கிவைத்தார். புகழ்பெற்ற ஷூலெஸ் ஜோ ஜாக்சனும் அதில் ஒருவர்.

ரெட்ஸ் தரப்பில் யாரும் தப்பு செய்யவில்லை. அந்தப் பருவம் 96 ஆட்டங்களில் வென்ற குழு அது. சிகாகோ வென்றதோ 88. நேர்மையாக ஆடியிருந்தாலும் நாங்கள்தான் ஜெயித்திருப்போம் என்று ரெட்ஸ் நட்சத்திரம் எட் ரவுஷ் பல்லாண்டுகள் வாதாடினார்.

இருந்திருக்கலாம். ஆனால் அதை இனி யாராலும் நிரூபிக்க முடியாது. சூதாட்டம் ஒரு விளையாட்டுக்குச் செய்யும் கெடுதல் இதுதான். தோற்றவரின் தோல்வி மட்டுமில்லை, வென்றவரின் வெற்றியும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது.

இந்த அதிர்ச்சிக்குப் பிறகு வந்த கண்டிப்பான விதியை எல்லா ஆட்டக்காரர்களும் உடைமாற்றும் அறையின் சுவரிலேயே பார்க்கலாம்:

- தனக்குத் தொடர்பில்லாத பேஸ்பால் ஆட்டத்தில் பந்தயம் கட்டினால் ஓராண்டுத் தடை.

- தனக்குப் பொறுப்பு உள்ள ஆட்டத்தில் பந்தயம் கட்டினால் நிரந்தரத் தடை.

யாருங்க இந்த பீட் ரோஸ்?

1941இல் சின்சினாட்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். 1963இல் ஊர்க் குழுவிலேயே சேர்ந்தார். எல்லாரும் மெதுவாக நடந்துபோகும் நேரத்திலும் ஓடுவார். தளத்தை எட்ட, தலை முன்னால் போக அப்படியே பாய்ந்து சறுக்குவார்.

பேஸ்பாலில் பந்தை அடித்துவிட்டு, எதிரணியின் தவறால் அல்லாமல், குறைந்தது முதல் தளத்தையாவது பத்திரமாக எட்டினால் அது ஒரு ஹிட். ரோஸ் தமது ஆட்ட வாழ்வில் எடுத்தவை 4,256. ஆண்டுக்கு 200 ஹிட் எடுத்தால் அது அபாரமான பருவம். அப்படி 21 ஆண்டுகள் ஆடினாலும் 4,200தான் வரும். இன்றுவரை அந்தச் சாதனை முறியடிக்கப்படவில்லை.

நடுவில் ஃபிலடெல்ஃபியாவுக்கும் மாண்ட்ரியாலுக்கும் போய் ஆடினார். 1984இல் ஆட்டக்காரராகவும் நிர்வாகியாகவும் ரெட்ஸுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு டை காப் என்பவரின் 4,191 ஹிட் சாதனையைத் தாண்டினார். வெள்ளை ரோஜாச் செடி நிற்கும் இடத்தில் விழுந்தது அந்த 4,192ஆவது ஹிட்தான். சாலை ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது நகரம்.

அப்போ, என்னதான் செஞ்சார்?

1989இல் பேஸ்பால் நிர்வாகம் விசாரணை தொடங்கியது. வழக்கறிஞர் ஜான் டவுட் தந்த அறிக்கையின்படி, ரோஸ் ரெட்ஸின் நிர்வாகியாக இருந்துகொண்டே, 1987இல் மட்டும் ரெட்ஸ் ஆடிய 52 ஆட்டங்களில் பந்தயம் கட்டியிருக்கிறார்.

1989 ஆகஸ்ட் மாதம் நிரந்தரத் தடைக்கு அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். ஆனால் பேஸ்பாலில் பந்தயமே கட்டவில்லை என்று ஏறக்குறைய 15 ஆண்டுகள் மறுத்துவந்தார். 2004இல் வெளிவந்த சுயசரிதையில்தான் உண்மையை ஒத்துக்கொண்டார்.

அதற்கிடையே, வருமானவரிக் குற்றத்துக்காக 1990இல் 5 மாதச் சிறைத்தண்டனையும் பெற்றார்.

சொந்தக் குழு ஜெயிக்கும்னுதானே கட்டினார்? அதுல என்ன தப்பு?

ரோஸின் ஆதரவாளர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி இது. ரெட்ஸ் தோற்கும் என்று அவர் பந்தயம் கட்டியதற்கு ஆதாரம் இல்லை என்பது உண்மைதான். அப்படியும் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

ஒன்று: நிர்வாகிதான் யாரை ஆடவைப்பது, யாருக்கு ஓய்வு கொடுப்பது என்று முடிவெடுக்கிறார். இன்றைய ஆட்டத்தில் சொந்தப் பணம் இருந்தால், தோள்வலியோடு இருக்கும் பந்துவீச்சாளரையும் இறக்கத் தோன்றும். நாளை அந்தப் பையனின் நிலைமை என்ன?

இரண்டு: எந்த நாளில் பணம் கட்டுகிறார் என்பது புக்கிக்குத் தெரியும். அவர் கட்டாமல் விட்ட நாளும் ஒரு தகவல்தான். இன்று தன் குழு மேலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை போல என்று மற்றவர்கள் கணக்குப் போடுவார்கள்.

மூன்று: கடன். புக்கியிடம் கடன்பட்ட நிர்வாகியிடம், ஒருநாள் அந்தப் புக்கி பணத்துக்குப் பதிலாக ஓர் 'உதவி' கேட்கலாம்.

1919இல் நடந்ததை மறுபடியும் நடக்கவிடக் கூடாது என்பதுதான் விதியின் நோக்கம். அதனால்தான் எந்தப் பக்கம் கட்டினாய் என்று அது கேட்பதே இல்லை.

இரண்டு மண்டபங்கள் என்ன செய்தன?

1991இல் கூப்பர்ஸ்டவுன் ஒரு விதியைக் கொண்டுவந்தது: நிரந்தரத் தடைப் பட்டியலில் உள்ளவரின் பெயர் வாக்குச்சீட்டிலேயே வராது. ரோஸ் தகுதிபெறவிருந்த நேரம் அது. ஆனாலும் அங்குள்ள காட்சிக்கூடத்தில் அவருடைய பொருள்கள் இருந்தன. அரும்பொருளகம் அவரைக் காட்டியது. மண்டபம் அவரைச் சேர்க்கவில்லை.

சின்சினாட்டியிலும் பல ஆண்டுகள் அதே கதைதான். 4,256 பந்துகள் உண்டு, ரோஜாத் தோட்டம் உண்டு, தகடு கிடையாது.

2015 டிசம்பரில், தடையை நீக்கும்படி ரோஸ் விடுத்த கோரிக்கையை பேஸ்பால் ஆணையர் ராப் மேன்ஃபிரட் நிராகரித்தார். ஆனால் ரெட்ஸ் தன் சொந்த மண்டபத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. 2016 ஜூன் மாதம் ரோஸ் ரெட்ஸ் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். அவர் அணிந்த 14ஆம் எண் இனி யாருக்கும் இல்லை என்றும் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அரங்கத்தின் வெளியே அவர் பாய்ந்து சறுக்கும் கோலத்தில் சிலை வந்தது.

ஒரே ஆள், ஒரே தப்பு. நாட்டின் மண்டபம் கதவை மூடியது. ஊரின் மண்டபம் திறந்தது.

கதை அங்கேயே முடியல

2017இல் நீதிமன்ற ஆவணம் ஒன்று வெளியானது. 1970களில், தமக்கு 16 வயது ஆவதற்கு முன்பே ரோஸ் தம்முடன் பாலியல் உறவு வைத்திருந்ததாக ஒரு பெண் சத்தியப்பிரமாணம் செய்து சொல்லியிருந்தார். உறவு இருந்ததை ரோஸ் ஒப்புக்கொண்டார். ஆனால் அப்பெண்ணுக்கு 16 வயது என்றே தாம் நினைத்ததாகச் சொன்னார்.

அந்த ஆகஸ்ட் மாதம் ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் தன் புகழ்ச் சுவரில் ரோஸைச் சேர்ப்பதாக இருந்தது. விழாவை ரத்து செய்தது. சின்சினாட்டியில் சில வாரங்களுக்கு முன்பு வைத்த சிலை அப்படியே இருந்தது.

பந்தயம் பற்றியே 30 ஆண்டுகள் வாதாடியவர்கள், இதைப் பற்றி அவ்வளவு பேசவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஹிட் எண்ணிக்கையைச் சுவரில் பந்து பந்தாக ஒட்டிக் காட்டலாம். இதை எப்படிக் காட்டுவது?

இப்போ என்ன நிலவரம்?

2024 செப்டம்பர் 30ஆம் தேதி ரோஸ் தமது 83ஆவது வயதில் காலமானார். நவம்பரில் ரெட்ஸ் அரங்கத்தில் ரசிகர்கள் அஞ்சலி செலுத்த 14 மணிநேரம் ஒதுக்கப்பட்டது. அவருடைய எண்ணும் 14.

2025 மே 13ஆம் தேதி மேன்ஃபிரட் புது முடிவை அறிவித்தார்: நிரந்தரத் தடை என்பது ஒருவரின் இறப்போடு முடிகிறது. உயிரோடு இல்லாதவரால் ஆட்டத்தின் நேர்மைக்கு ஆபத்து வர முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

ரோஸோடு சேர்த்து, 1919 சதியில் விலக்கப்பட்ட 8 சிகாகோ ஆட்டக்காரர்களின் பெயரும் பட்டியலிலிருந்து நீங்கியது. ரெட்ஸ் வென்ற உலகத் தொடரில் வேண்டுமென்றே தோற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களும், ரெட்ஸின் மிகப் பெரிய நட்சத்திரமும் ஒரே நாளில், ஒரே அறிவிப்பில்.

கூப்பர்ஸ்டவுனின் 16 பேர் கொண்ட குழு ஒன்று 2027 டிசம்பரில் ரோஸின் பெயரைப் பரிசீலிக்கலாம். 12 வாக்குகள் கிடைத்தால் உள்ளே போகலாம்.

பந்தயம் இப்ப சட்டபூர்வம்தானே?

ஆமாம், அதுதான் விநோதம். 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பல மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதித்தன. மேஜர் லீக் பேஸ்பாலே பந்தய நிறுவனங்களுடன் கைகோத்தது.

ஒஹாயோவில் 2023 ஜனவரி முதல் தேதி பந்தயம் சட்டபூர்வமானது. சின்சினாட்டி சூதாட்டக் கூடம் ஒன்றில் அன்று முதல் பந்தயத்தைக் கட்டியவர் யார் தெரியுமா? பீட் ரோஸ். ரெட்ஸ் உலகத் தொடரை வெல்லும் என்று!

ரசிகர்களுக்கு விதி மாறிவிட்டது. ஆட்டக்காரர்களுக்கு மாறவில்லை. 2024 ஜூன் மாதம் டுகுபிடா மார்கானோ என்ற இளம் ஆட்டக்காரருக்கு, தான் இருந்த பிட்ஸ்பர்க் குழுவின் ஆட்டங்களில் பந்தயம் கட்டியதற்காக வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. ரோஸ் காலத்தில் புக்கியைத் தேடிப் போக வேண்டும். இப்போது கைப்பேசியில் இரண்டு தட்டு.

சரி, யார் செஞ்சது சரி?

சின்சினாட்டி ரசிகரைக் கேட்டால், 4,256 ஹிட்டும் உண்மையாக அடித்தவை, அதை யாரும் பறிக்க முடியாது என்பார். அது சரிதான். அந்தப் பந்துச் சுவருக்கு யாரும் எதிர்ப்புச் சொன்னதாகத் தெரியவில்லை. நடந்ததைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

தகடும் சிலையும் அப்படியல்ல. அவை ஒரு முடிவு. அந்த முடிவை எடுப்பவர்கள், எடுத்ததற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். 2016இல் ரெட்ஸ் எடுத்த முடிவு அதற்கு அடுத்த ஆண்டே வேறு வெளிச்சத்தில் தெரிந்ததை நாம் பார்த்தோம்.

அடுத்த முறை ஏதாவது விளையாட்டு அரும்பொருளகத்துக்குப் போனால், கிண்ணங்களோடு படம் எடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். யாருடைய பெயர் இல்லை என்றும் ஒருமுறை பாருங்கள். ஏன் என்று கேளுங்கள்.

சின்சினாட்டியில் அந்தக் கேள்விக்கு ரொம்ப நாள் கிடைத்த பதில், வாசலுக்கு வெளியே ஒரு வெள்ளை ரோஜாச் செடி.